காவிரிக்கு முன்னால் இருந்த இரண்டு வழிகள்

கேள்வி: ஆறுகள் நிலத்தின் வடிவத்தையே மாற்றிவிடும் என்கிறார்கள். பாடப்புத்தக விளக்கம் வேண்டாம். நமக்குத் தெரிந்த ஓர் ஆற்றை வைத்துச் சொல்ல முடியுமா?

திருவையாற்றுப் பக்கத்துக்காரன் என்பதால் காவிரியைத்தான் எடுத்துக்கொள்வேன். மற்ற ஆறுகளின் ஆட்கள் மன்னிக்க வேண்டும்.

மழையிலிருந்து தொடங்குகிறேன். ஜூன் மாதத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, குடகில் கொட்டித் தீர்க்கிறது. தலைக்காவிரியிலிருந்து அரபிக்கடல் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் அங்கே பிறக்கும் ஆறு, கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் அலைந்து வங்கக்கடலைத்தான் சேர்கிறது. தக்காணத்தின் மேற்கு விளிம்பு உயர்ந்து, பீடபூமி மொத்தமும் கிழக்கே சாய்ந்து கிடப்பதுதான் காரணம். ஆறு நிலத்தைச் செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் முதலில் எந்தப் பக்கம் போவது என்பதை நிலம்தான் சொல்கிறது.

மலையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகப் பாறைக்குள் இறங்குகிறது. பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் அதில் மெல்ல மெல்லக் களிமண்ணாகிறது. எங்கள் வயலில் மாட்டின் கால் புதையும் களிமண்ணில் பெரும்பகுதி இப்படி மலைப்பக்கம் பிறந்ததுதான். இன்னொரு வேலை அறுப்பது. வெறும் தண்ணீர் பாறையை அவ்வளவாக அறுக்காது. அது உருட்டிக்கொண்டு வரும் மணலும் கூழாங்கல்லும்தான் அறுக்கின்றன. மேக்கேதாட்டுவிலும் ஒகேனக்கல்லிலும் பாறையில் வட்டவட்டமாகக் குழிகள் இருக்கும். சுழலில் சிக்கிய கற்கள் சுற்றிச்சுற்றிக் குடைந்தவை அவை.

திருச்சியைத் தாண்டியதும் கதை மாறுகிறது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். சரிவு குறைந்துவிட்டதால் ஆற்றால் சுமையைத் தூக்க முடிவதில்லை. மணலைத் தன் படுகையிலேயே போடுகிறது, படுகை உயர்கிறது. வெள்ளம் கரைமீறும்போது கனமான மணல் கரையோரத்திலேயே விழுகிறது. நுண்ணிய வண்டல் தூரம் வரை போய்ப் படிகிறது. இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகள் நடந்தால் ஆற்றோரம் மேடாகவும் தள்ளியிருக்கும் நிலம் பள்ளமாகவும் ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் ஆற்றைப் பார்க்கப் பல இடங்களில் கரைமேல் ஏறித்தான் போக வேண்டும். வயலைவிட ஆறு மேலே இருப்பதால்தான் மோட்டார் இல்லாத காலத்திலும் மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வாய்க்காலில் ஓடியது. டெல்டாவின் நெல் விவசாயம் நின்றது இந்த ஒரு வசதியின் மேல்தான் என்பேன்.

ஆனால் உயரத்தில் ஓடும் ஆறு அங்கேயே இருக்க விரும்பாது. பக்கத்தில் தாழ்வான வழி கிடைத்தால், ஒரு பெரிய வெள்ளத்தில் கரையை உடைத்துக்கொண்டு அதில் இறங்கிவிடும். சில நூறு ஆண்டுகள் ஒரு வழி, பிறகு இன்னொரு வழி என்று மாறிமாறி மண்ணைப் பரப்பித்தான் விசிறி போன்ற டெல்டா உருவாகிறது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு எல்லாம் அந்த விசிறியின் மடிப்புகள். அதனால்தான் பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். மற்ற ஆறுகள் போகப்போக அகலமாகும். இது கிளைகளுக்குக் கொடுத்துக் கொடுத்து வாய்க்கால் அளவுக்கு வந்துவிடுகிறது.

காவிரிக்குக் கிடைத்த தாழ்வான வழி கொள்ளிடம். முக்கொம்பில் பிரியும் இரண்டும் திருவரங்கத் தீவைச் சுற்றிக்கொண்டு கல்லணை அருகே மறுபடி நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, கடலுக்கு நேராகப் போவது. விட்டிருந்தால் தண்ணீர் முழுவதும் அங்கே இறங்கி, தெற்கே இருக்கும் காவிரி காய்ந்த தடமாகியிருக்கும். கரிகாலன் பெயரால் அறியப்படும் கல்லணை தடுத்தது இதைத்தான். அது தண்ணீரைத் தேக்குவதற்காகக் கட்டியதல்ல; ஆறு வழி மாறாமல் பிடித்து நிறுத்துவதற்காகக் கட்டியது.

ஆறு அத்தோடு விடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முக்கொம்பில் காவிரியின் வாய் மணலால் மேடிட்டது, கொள்ளிடத்தின் வாய் ஆழமானது. தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழ்: இப்போது காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்து அதன் படுகையை அரித்தது. மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் வாயிலும் தரைமட்டச் சுவர் போட வேண்டியதாயிற்று. ஓர் அணையின் உயரத்தில் சில அடிகள் மாறினால் ஒரு மாவட்டத்து ஆற்றின் ஆழமே மாறிவிடுகிறது. நிலம் அசையாமல் கிடக்கிறது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

இன்றைய சிக்கல் வேறு. மேலே கிருஷ்ணராஜசாகரும், 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையும் தண்ணீரை மட்டுமல்ல, மணலையும் வண்டலையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சுமையில்லாமல் கீழே வரும் நீர், தனக்கு வேண்டிய மணலை இருக்கும் படுகையிலிருந்தே அள்ளும். அந்தப் படுகையில்தான் நாமும் லாரி லாரியாக மணல் அள்ளினோம். அது பழைய கையிருப்பு; எடுத்த வேகத்தில் மேலிருந்து திரும்ப வராது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. கட்டடங்களின் வயது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலடி மணல் இறங்கினால் எந்தத் தூணுக்கும் பலம் குறையும் என்பதைப் பொறியாளர்தான் வந்து சொல்ல வேண்டும் என்பதில்லை.

நேரில் பார்க்க விரும்பினால் ஆகஸ்ட்டில் தண்ணீர் ஓடும்போது கல்லணைக்குப் போங்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கின் தலைப்புகளையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். முதலில் கொள்ளிடப் பக்கம் எட்டிப் பாருங்கள். அது எவ்வளவு தாழ்வாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.