நொய்யல் குளங்களுக்கு உயிர்ப்பன்மைக் குறியீடு போட எந்த மென்பொருள் சரி?

நார்வே மாதிரி ஒரே எண்ணா உயிர்ப்பன்மைக் குறியீடு போடற மென்பொருளை நம்ம நொய்யல் குளத்துப் பறவைக் கணக்குக்கு வெச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அஞ்சாறு வருசத்து ஜனவரிக் கணக்கு எக்செல்லயும் ஈபேர்ட்ங்கற பறவைப் பதிவுத் தளத்துலயும் உங்ககிட்ட இருக்கும்னு வெச்சுக்கிட்டே சொல்றேனுங்க.

நார்வேக்காரங்களோடது என்ஐகால்க், ஆர்-ங்கற புள்ளியியல் நிரல் மொழியில ஓடற இலவசப் பேக்கேஜ். ஒவ்வொரு இனத்தோட எண்ணிக்கையையும் அதோட ஆதார மதிப்பால, அதாவது நல்ல நிலையில இருக்க வேண்டிய எண்ணிக்கையால, வகுத்து 0-லிருந்து 1-க்குள்ள கொண்டு வரும். குளத்துக்குக் கூழைக்கடா 200 இருக்கணும்னு வெச்சு 150 இருந்தா 0.75. 260 இருந்தாலும் 1 தான். எண்ணிக்கையோட கீழ்க்கால், மேல்கால் மதிப்பையும் (நிஜ எண்ணிக்கை அதுக்குக் கீழ இருக்க கால்வாசி, அதுக்கு மேல இருக்க கால்வாசி வாய்ப்புன்னு நினைக்கற எண்கள்) கேக்கும். அதை வெச்சுப் பல தடவை குலுக்கி எடுத்து நிச்சயமின்மையையும் காட்டும். நல்ல கருவி. ஆனா அந்த 200-ஐ யார் சொல்றது? நம்ம குளங்க மனுசன் வெட்டினது, இப்ப நிக்கற தண்ணியில பாதி சாக்கடை. ஆதார மதிப்பை எந்த அடிப்படையில எடுத்தோம்னு எழுதி வெக்காம இதை ஓட்டினா, வர்ற 0.62 வெறும் ஊகம்.

அதுக்காக ஆர்-லயே இருக்கற வீகன் பேக்கேஜ்ல ஷானன் குறியீடு (எத்தனை இனம், எவ்வளவு சமமாப் பரவியிருக்குன்னு சொல்ற எண்) போட்டுட்டு முடிச்சுடாதீங்க. பத்து இனம், இனத்துக்குப் பத்துப் பறவைன்னா 2.303. எல்லா இனமும் பாதியா, அஞ்சஞ்சா, குறைஞ்சாலும் அதே 2.303! குளமே காலியாகிட்டு வரும்போது அசையாத எண்ணை வெச்சு என்ன பண்றதுங்க? (இது இயல் மடக்கையில வந்தது. மடக்கை அடி 2-ன்னா இதே கணக்கு 3.32 ஆகும். வேற ஊர் அறிக்கையோட ஒப்பிடறவங்க இதுலதான் சறுக்கறாங்க.)

உங்களுக்கு வேண்டியது, வருசா வருசம் எண்ணிக்கை ஏறுதா இறங்குதான்னு கணக்கிடற ஆர்டிரிம். நெதர்லாந்துப் புள்ளியியல் துறையோட டிரிம் நிரலோட ஆர் வடிவம். குளம், வருசம், எண்ணிக்கைன்னு மூணு பத்தி போதும். இனத்துக்கு ஒரு தடவை ஓட்டணும். ஓவர்டிஸ்பர்ஷன் (எண்ணிக்கை எதிர்பார்த்ததை விட அதிகமாச் சிதறறது), சீரியல் கோரிலேஷன் (ஒரு வருசத்து எண்ணிக்கை அடுத்த வருசத்தோட ஒட்டிப் போறது) ரெண்டையும் ட்ரூ-ன்னு வெச்சுக்கங்க. கூட்டமா இறங்கற நாமக்கோழிக்கு இல்லாட்டி பிழை எல்லை பொய்யா ஒடுங்கிக் காட்டும். வருசத்துக்கு ஒரு தனி மதிப்பு போடற மாடல் 3-ல ஏதாவது ஒரு வருசம் எல்லாக் குளத்துலயும் 0-ன்னா நின்னு போகும். அப்ப, நேர்கோட்டுப் போக்கா கணக்கிடற மாடல் 2.

பெரும்பாலும் கெடறது மென்பொருள்ல இல்லைங்க, 0-க்கும் வெத்துக் கட்டத்துக்கும் நடுவுல. சூலூர்க் குளத்துக்குப் போய்ப் பார்த்து ஒண்ணும் இல்லைன்னா 0. அந்த வருசம் யாரும் போகலைன்னா வெத்தா விடுங்க, ஆர்டிரிம் மத்த குளங்களை வெச்சு நிரப்பிக்கும். எக்செல்ல வெத்துக் கட்டத்தையெல்லாம் மொத்தமா 0 ஆக்கிட்டா, இல்லாத வீழ்ச்சி ஒண்ணு வரைபடத்துல வந்து நிக்கும். ஈபேர்ட்ல எண்ணாம 'எக்ஸ்' போட்டதை 1-ன்னோ 0-ன்னோ மாத்தாதீங்க, அதுவும் வெத்துதான். நாலு பேர் சேர்ந்து போய்ப் பகிர்ந்துக்கிட்ட பட்டியல் நாலு தடவை வரும். ஈபேர்டோட முழுத் தரவுக் கோப்பை, அதுக்குன்னே இருக்கற ஆக்-ங்கற ஆர் பேக்கேஜ்ல படிச்சா அதுவே ஒண்ணாக்கிடும். ஆளாளுக்கு இறக்கி எக்செல்ல ஒட்டினா கையால நீக்கணும்.

இனங்களைச் சேர்க்கறதுக்கு முதல் வருசத்தை 100 ஆக்கிப் பெருக்கல் சராசரி (எல்லாத்தையும் பெருக்கி, எத்தனை இனமோ அத்தனையாவது மூலம்) எடுங்க. ஒண்ணு 200 ஆகி இன்னொண்ணு 50 ஆனா கூட்டல் சராசரி 125-ன்னு முன்னேற்றம் காட்டும். பெருக்கல் சராசரி 100-லயே நிக்கும், அதுதான் நியாயம்.

எக்செல்லயே முடியும், ஆர் எதுக்குன்னு சிலர் வருவாங்க. சராசரி வரைக்கும் முடியுங்க, விடுபட்ட வருசத்தை நிரப்பிப் பிழை எல்லையோட தர்றது முடியாது.

கேக்காட்டியும் ஒண்ணு சொல்றேன். கரையில கான்கிரீட்டும் நடைபாதையும் போட்டு 'அழகு' பண்றோம்னு சேத்து ஓரத்தையே எடுத்துடறாங்க. உள்ளான்களுக்குக் கால் வெக்க இடமில்லை, மனசு ஆறலை. அந்த வேலை நடந்த வருசத்தை மாடல் 2-ல மாற்றப் புள்ளியாக் (போக்கு திரும்பற வருசமா) குடுங்க, முன்னும் பின்னும் ஏற்ற இறக்கப் போக்கு தனித்தனியா வரும். ஆகாயத்தாமரை குளத்துல எத்தனை பங்கு மூடியிருந்ததுன்னும் ஒரு பத்தி சேருங்க. அதுக்குள்ள பதுங்கற தாழைக்கோழி கண்ணுல படாமப் போனதா, நிஜமாவே குறைஞ்சதான்னு பின்னால பிரிச்சுப் பார்க்க அது வேணும்.