4294967297 பகா எண்ணா? 2-ஐ வைத்து ஃபெர்மா சோதனை செய்தால் மீதி 1 வருகிறதே?

பகா எண் இல்லை. 641 × 6700417 என்று பிரியும். ஃபெர்மா சோதனை சொல்வது இதுதான்: எண் பகா எண் என்றால், 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். ஆனால் 1 வந்துவிட்டாலே பகா எண் என்று உறுதியில்லை. உங்கள் கணக்கிலும் தவறில்லை. இந்த எண்ணைச் சோதிக்க 2 உதவாது, அவ்வளவுதான்.

இது 2³² + 1. எனவே இதால் வகுத்தால் 2³²-இன் மீதி −1 (அதாவது முழுதாக வகுபட ஒன்று குறைவு), 2⁶⁴-இன் மீதி 1. சோதனையில் 2-ஐ உயர்த்தும் அடுக்கு, எண்ணில் ஒன்று குறைந்த 2³². அது 64-இன் மடங்கு. ஆக, பகா எண்ணோ இல்லையோ, 1 வந்தே தீரும். எல்லா ஃபெர்மா எண்களுக்கும் (2-ஐ 1, 2, 4, 8, 16, 32... அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டினால் வருபவை) இதே கதைதான்.

2-க்குப் பதில் 3 (பெபான் சோதனை): 3-ஐ 31 முறை வர்க்கப்படுத்துங்கள், ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு. முடிவில் 4294967296 வந்தால் மட்டுமே பகா எண். இங்கே வராது. நிரலில் செய்தால் கவனம்: குறியற்ற 32 பிட் மாறியில் இந்த எண்ணைப் போட்டால் வெறும் 1 ஆகிவிடும். 64 பிட்டும் மயிரிழையில் போதாது. மீதி அதிகபட்சம் 2³² வரலாம், அதன் வர்க்கம் 2⁶⁴. கொள்ளளவோ அதைவிட ஒன்று குறைவு. எவ்வளவு பெரிய எண்ணையும் கொள்ளும் பெருமுழு எண் (bigint) வகையையே பயன்படுத்துங்கள்.

காரணியைக் கண்டுபிடிப்பதுதான் சுவையான பகுதி. வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது. அதுவரை 6542 பகா எண்கள். அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ப என்ற பகா எண் இதை வகுத்தால், ப-ஆல் வகுக்கும்போது 2-இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலாக வருவது 64-ஆவது அடுக்கில். அதனால் ப − 1 என்பது 64-இன் மடங்கு. அப்போது ப-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1. அத்தகைய பகா எண்ணுக்கு 2 ஒரு வர்க்க மீதி, அதாவது ஏதோ ஒரு எண்ணின் வர்க்கத்தை ப-ஆல் வகுத்தால் மீதி 2 வரும்; ஆகவே 2-ஐ (ப − 1)/2 அடுக்குக்கு உயர்த்தினாலே மீதி 1 வந்துவிடும், (ப − 1)/2-உம் 64-இன் மடங்கு. அதனால் ப − 1 என்பது 128-இன் மடங்காகவே இருந்தாக வேண்டும். 129, 257, 385, 513, 641... இவற்றில் 129, 385, 513 பகு எண்கள். 257-ஆல் வகுத்தால் மீதி 2, ஏனென்றால் 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. அடுத்ததே 641! கணிதவியலாளர் ஆய்லர் 1732-இல் கண்டது இதைத்தான்.

வகுக்காமலே சரிபார்க்கலாம். 641 = 5·2⁷ + 1, அதோடு 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5·2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴·2²⁸-இன் மீதி 1. இதில் 5⁴-க்குப் பதில் −2⁴ வைத்தால் −2³²-இன் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

6700417 மேலும் பிரியுமா என்று பலர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அதன் பகாக் காரணிகளும் அதே வடிவம்தான் (128-இன் மடங்கு + 1); வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் இந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257-ஐ ஏற்கெனவே தள்ளிவிட்டோம். மற்றவை விடும் மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆக 6700417 பகா எண்.