வட சென்னையில் சாதாரணக் கடை பர்கரை நம்பிச் சாப்பிடலாமா?

ஏசி இல்லாத, உட்காரக்கூடச் சரியான இடம் இல்லாத சின்னக் கடையில் பர்கர் சாப்பிடலாமா, நன்றாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புளியந்தோப்புக்காரன். இரண்டு வருடமாக மாதத்துக்கு மூன்று தடவையாவது அப்படி ஒரு கடையில் சாப்பிடுகிறேன். தாராளமாகச் சாப்பிடலாம். தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று இரண்டு விஷயத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

நான் போகும் கடை, பெரம்பூர் பேரக்ஸ் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. பத்துக்குப் பத்துகூடத் தேறாது. வாசலில் தோசைக்கல், பக்கத்தில் ஐஸ் பெட்டி, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். ஆறு மணிக்குத் திறப்பார்கள், கறி தீர்ந்ததும் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். சிக்கன் பர்கர் 90 ரூபாய், பீஃப் பர்கர் 110.

பீஃப் பர்கர் கிடைப்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். பர்கர் என்பதே முதலில் மாட்டுக்கறியில் செய்த பண்டம். 1996-இல் டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் முதல் கடை திறந்தபோது மாட்டுக்கறி, பன்றிக்கறி இரண்டும் இல்லாமல்தான் வந்தது. அதனால் நம்மில் பலருக்கு பர்கர் என்றால் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சிக்கன், இல்லையென்றால் உருளைக்கிழங்கு. எங்கள் பக்கமோ பொழுது சாய்ந்தால் பீஃப் பக்கோடா வண்டியும் பீஃப் பிரியாணி அண்டாவும் தெருவுக்கு வந்துவிடும். ஆடுமாடு அறுக்கும் ஆடுதொட்டியும் இங்கேதான். கறியைப் பார்த்த மாத்திரத்தில் எந்த இடத்துக் கறி, எதற்கு ஆகும் என்று சொல்கிற ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பர்கர் சுற்றிச் சுற்றி அப்படிப்பட்டவர்கள் கைக்கு வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கடைக்கார அண்ணன் முன்பு பிரியாணிக் கடையில் இருந்தவர். கொழுப்போடு சேர்த்துக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த கறியை உருண்டை பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார். உப்பு அதில் சேர்ப்பதில்லை. கல்லில் போட்ட பிறகுதான் மேலே தூவுகிறார். முன்னாடியே உப்புப் போட்டுப் பிசைந்தால் கறி இறுகி ரப்பர் மாதிரி ஆகிவிடும். உருண்டையை வைத்ததும் ஒரே ஒரு அமுக்கு, அதோடு சரி. "சும்மா சும்மா அமுக்கினா சாறு பூரா கல்லுக்குத்தான் போவும்ணா" என்றார் ஒரு நாள். ஓரம் முறுகலாக, கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கும்போது திருப்பிப் போடுவார். அந்தக் கொழுப்பிலேயே பன்னின் வெட்டின பக்கத்தைக் கவிழ்த்து வைப்பார். பன் அன்றைக்கு பேக்கரியில் எடுத்தது. அந்த முகம் சிவந்தால்தான் சாறு சட்டென்று உள்ளே ஊறாமல் பன் தாங்கும். மேலே பொடியாக நறுக்கின வெங்காயம், முட்டைக்கோஸ், பூண்டு காரச் சட்னி. கையில் வாங்கினால் பேப்பரைத் தாண்டிச் சுடும்.

இப்போது அந்த இரண்டு விஷயம். ஒன்று, கறி நடுவரை வெந்திருக்கிறதா. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பக்கத்தில்தான் இருக்கும், சூடு பட்டால் போய்விடும். அரைத்த கறியில் அது உள்ளேயும் கலந்துவிடுகிறது. மாட்டுக்கறி என்றால் நடுவில் 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74 வர வேண்டும் என்பது கணக்கு. தெருக்கடையில் அளந்து பார்க்க முடியாது. பிட்டுப் பார்த்து உள்ளே சிவப்பாக இருந்தால் "அண்ணா, இன்னும் கொஞ்சம் விடுங்க" என்று திருப்பிக் கொடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று மயோனைஸ். சில வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், வேறொரு கடையில் வெளியே திறந்துகிடந்த மயோனைஸைப் பார்த்தும் சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் படுத்துவிட்டேன், குளுக்கோஸ் ஏற்றும் அளவுக்கு. பச்சை முட்டையில் செய்தது வெயிலில் இருந்தால் சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கு அதைவிட வசதி வேறில்லை. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத்துக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்ததற்கும் இதுதான் காரணம். எந்தக் கடையாக இருந்தாலும் முட்டை இல்லாததா என்று வாய்விட்டுக் கேளுங்கள், ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்த அண்ணன் எடுப்பது முட்டை இல்லாதது.

போன பொங்கலுக்கு அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிப்போனேன். "பன்னுக்குள்ள வடையாடா?" என்றாள். "கறி வடைதான்மா, சாப்ட்டுப் பாருங்க" என்று அண்ணன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவ்வளவு உயரத்துக்கு அம்மாவால் வாய் திறக்க முடியவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே வாங்கிக் கரண்டி முனையால் நாலாக வெட்டிக் கொடுத்தார். முதல் துண்டிலேயே சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. அம்மா புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நாலையும் சாப்பிட்டாள், எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

பார்சல் மட்டும் வாங்காதீர்கள். வீடு போவதற்குள் ஆவியில் பன் நமத்துவிடும், முறுகல் போய்விடும். அங்கேயே நின்று சூட்டோடு சாப்பிட வேண்டிய பண்டம் இது. முட்டி வலி வந்த பிறகு அம்மா அவ்வளவு தூரம் நடப்பதில்லை. அவளுக்கு என்று சொன்னால் அண்ணன் பன்னைத் தனியாக, கறியைத் தனியாக, சட்னியைத் தனியாகக் கட்டித் தருகிறார். நான் வீட்டில் தோசைக்கல்லைச் சூடாக்கிச் சேர்த்துக் கொடுக்கிறேன்.