கருப்புச் சாயம் போட வேண்டிய காலுறை

சார், வணக்கம்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுதியைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். வாஷிங்டன் ஃபோல்ஜர் நூலகத்தில் மட்டும் அதன் 82 பிரதிகள் இருப்பதாகப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரே புத்தகத்தை 82 தடவை வாங்கி வைப்பது பணக்காரக் கிறுக்கு இல்லாமல் வேறென்ன? நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். அந்த நாடகங்களில் நடித்தவர்கள் என்ன சம்பாதித்தார்கள், வீட்டில் எப்படி இருந்தார்கள் என்று வகுப்பில் ஒருவரும் சொன்னதில்லை. அதெல்லாம் இந்த நூலகங்களில் கிடைக்குமா? கிடைத்தாலும் திருவாரூரில் இருக்கும் எனக்கு என்ன பிரயோஜனம்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

கிறுக்குதான், மறுக்கவில்லை. ஹென்றி ஃபோல்ஜர் எண்ணெய் கம்பெனியில் சம்பாதித்ததையெல்லாம் அதில் கொட்டினார். 1932இல் நூலகம் திறந்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஆனால் அந்த 82ம் ஒரே புத்தகம் இல்லை. 1623இல் அதை அச்சடித்தவர்கள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை திருத்தினார்கள். திருத்துவதற்கு முன் அடித்த தாள்களைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, காகித விலை அப்படி. எல்லாவற்றையும் கலந்து தைத்துவிட்டார்கள். அதனால் ஒரு பிரதியில் இருக்கும் பிழை இன்னொன்றில் இருக்காது. சார்ல்டன் ஹின்மன் என்ற ஆய்வாளர் இதற்காகவே கண்ணாடியும் விளக்கும் வைத்து ஒரு கருவி செய்தார். இரண்டு பிரதிகளின் ஒரே பக்கத்தை அது மாற்றி மாற்றிக் காட்டும். வேறுபடும் எழுத்து மட்டும் துள்ளும். ஐம்பதுக்கு மேற்பட்ட பிரதிகளை இப்படிப் பார்த்து, எந்தப் பக்கத்தை எந்த அச்சுக்கோப்பாளர் கோத்தார், அவர்களில் கத்துக்குட்டி யார் என்பது வரை கண்டுபிடித்து 1963இல் வெளியிட்டார். பிரதிகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்திருந்தால் இது நடக்கிற காரியமா?

சரி, உங்கள் நிஜமான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தேடுவது லண்டனில் டல்லிச் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1619இல் அந்தக் கல்லூரியை நிறுவியவர் எட்வர்ட் ஆலின், அக்காலத்தின் உச்ச நடிகர். அவருடைய மாமனார் ஃபிலிப் ஹென்ஸ்லோ, ரோஸ் என்ற நாடகக் கொட்டகையின் முதலாளி, கூடவே அடகுக்கடையும் நடத்தியவர். (ஆலினின் மனைவி ஜோன், ஹென்ஸ்லோவின் மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்த மகள்.) இந்த மாமனார் மருமகன் காகிதங்கள் அங்கே அப்படியே தங்கிவிட்டன.

முக்கியமானது ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகம். அதைக்கூட அவர் புதிதாக வாங்கவில்லை. அண்ணன் தம்பிகளில் ஒருவர் சுரங்கக் கணக்கு எழுதிவிட்டுப் போட்டிருந்த நோட்டைத் தலைகீழாகத் திருப்பி 1592 முதல் எழுத ஆரம்பித்திருக்கிறார். இன்று என்ன நாடகம், என்ன வசூல், யாருக்கு எவ்வளவு கடன். 1594 செப்டம்பர் 30இல் டாக்டர் ஃபாஸ்டஸ் நாடகத்துக்கு அவர் பங்கு 3 பவுண்ட் 12 ஷில்லிங். நடுவே, திருட்டுப் போன பொருளைக் கண்டுபிடிக்க ஒரு வழி: மெழுகில் காஸ்பர், மெல்கியோர், பல்தசார் என்று மூன்று ராஜாக்களின் பெயரை எழுதிப் பறிகொடுத்தவர் தலைமாட்டில் வைத்தால், பொருள் இருக்கும் இடம் கனவில் தெரியுமாம். நம்மூரில் மை போட்டுப் பார்ப்பார்களே, அந்த ரகம்.

1603இல் தாமஸ் ஹேவுட் எழுதிக் கொடுத்த ஒரு நாடகத்துக்கு அவருக்குக் கிடைத்தது 6 பவுண்ட். அதே நாடகத்தின் நாயகிக்குக் கருப்பு வெல்வெட் கவுன் வாங்கிய செலவு 6 பவுண்ட் 13 ஷில்லிங். எழுத்தை விடத் துணிக்கு 13 ஷில்லிங் கூட! இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் 1598இல் எடுத்த சாமான் பட்டியல்: நரகத்தின் வாய் ஒன்று, ஃபாஸ்டஸ் நாடகத்து டிராகன் ஒன்று, ரோமாபுரி ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் நடமாடுவதற்கான அங்கி ஒன்று. பட்டப்பகலில் திறந்தவெளிக் கொட்டகையில், நடிகர் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், ‘சரி, இவர் இப்போது தெரிய மாட்டார்’ என்று அத்தனை ஜனமும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாடகம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. அந்தப் பட்டியலின் மூலத்தாள் இன்று இல்லை. 18ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் மலோன் என்ற ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் அதை அச்சில் ஏற்றி வைத்ததால் பிழைத்தது.

இத்தனை இருக்கும் அந்தக் கணக்கில் ஷேக்ஸ்பியர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. இது பலருக்குப் பொறுக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜான் பெய்ன் காலியர் என்ற அறிஞர் அந்த ஆவணங்களைப் பதிப்பித்தார். ஜோன் தன் கணவருக்கு 1603இல் அனுப்பிய கடிதம் ஒன்றில் தாள் மக்கிப்போன இடத்தில் ஷேக்ஸ்பியர் பெயர் இருந்ததாக அச்சிட்டார். கணக்குப் புத்தகத்திலும் பொய் வரிகளைச் செருகினார். எல்லாம் பிற்பாடு பிடிபட்டது. பெரிய பெயர் இல்லாத காகிதத்துக்கு மதிப்பில்லை என்று நினைத்தால் இதுதான் நடக்கும்.

திருவாரூர் ஒரு தடையே இல்லை. டல்லிச் ஆவணங்களின் படங்களை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அந்தக்காலக் கையெழுத்து முதலில் மிரட்டும். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் படிக்கிற பாடுதான். அந்தக் கையெழுத்தை அப்படியே அச்செழுத்தில் படியெடுத்த பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று அறிய ஃபோல்ஜரில் அக்கால வீட்டுச் சமையல் நோட்டுகள் நிறைய உண்டு; கேக்கும் கஷாயமும் ஒரே நோட்டில் வரும்.

கணக்குப் புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள், அலுத்துவிடும். 1593 ஆகஸ்டில் ஆலின் ஜோனுக்கு எழுதிய கடிதத்தில் ஆரம்பியுங்கள். லண்டனில் பிளேக். கொட்டகைகளை மூடிவிட்டார்கள். ஆலின் ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டு பிரிஸ்டலில் இருக்கிறார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவியை ‘சுண்டெலி’ என்று கூப்பிடுகிறார். நோய் அண்டாமல் இருக்கத் தினமும் சாயங்காலம் வாசலில் தண்ணீர் தெளி, ஜன்னலில் அருவதா இலை நிறைய வை என்கிறார். சுமக்க முடியாத வெள்ளை மேற்சட்டையை ஆள் மூலம் அனுப்புகிறார். ஆரஞ்சு நிறக் கம்பளிக் காலுறைக்கு நல்ல கருப்புச் சாயம் போட்டு வை, குளிர்காலத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார். தோட்டத்தைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லையே என்று ஒரு குறை. பார்ஸ்லி இருந்த பாத்தியில் செப்டம்பரில் பசலை விதைத்துவிடு, நானே செய்வேன், ஆனால் நவம்பர் வாக்கில்தான் வீட்டுக்கு வர முடியும் என்கிறார். கடிதத்தை முடிக்கிற இடத்தில், நாடகம் ஆரம்பிக்கப் போகிறது என்று எழுதியிருக்கிறார்.