நிர்வகிக்கும் நிறுவனத்துக்குத் தரும் கட்டணத்தைச் செலவாகக் கழிக்கலாமா?

ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தை அதே உரிமையாளர்களின் இன்னொரு நிறுவனம் கவனிக்கிறது, அதற்குத் தரும் கட்டணம் வரிக்கணக்கில் செலவாக ஏற்கப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏற்கப்படும். ஆனால் ஒப்பந்தம் இருக்கிறது, பணம் வங்கி வழியாகத்தான் போனது என்பது மட்டும் போதாது. பிரிட்டனிலும் இந்தியாவின் வருமான வரிச் சட்டத்திலும் ‘முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே’ செய்த செலவா என்பதுதான் அளவுகோல். அமெரிக்காவில் ‘வழக்கமான, தேவையான’ செலவா என்று பார்ப்பார்கள். எங்கே போனாலும் அதிகாரி கேட்பது ஒன்றுதான்: என்ன வேலை நடந்தது, யார் செய்தார்கள்?

நான் தணிக்கைப் பக்கம் இருப்பவன். அடிக்கடி கண்ணில் படுவது, ஆண்டின் கடைசித் தேதியிட்ட ஒற்றை இன்வாய்ஸ். விவரம் என்ற இடத்தில் ‘நிர்வாகக் கட்டணம்’, பக்கத்தில் ரவுண்டாக ஒரு தொகை, அவ்வளவுதான். அந்த ஆண்டின் லாபத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். வேலை கூடாமல் லாபத்தோடு கட்டணம் மட்டும் ஏறினால், இது லாபத்தைப் பங்கு போட்டதுதான் என்று சொல்லிவிடுவார்கள். (ஹோட்டல் நிர்வாக ஒப்பந்தங்களில் லாபத்தில் பங்கு தருவது சகஜம்தான். ஆனால் அது சம்பந்தமில்லாத இருவர் பேரம் பேசி வைத்த விலை.)

அப்புறம், இயக்குநர் உங்கள் நிறுவனத்திலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு, அதே வேலைக்கு நிர்வாக நிறுவனமும் பில் போட்டால் இரண்டாவது தொகை நிற்காது. தாய் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்காகச் செய்யும் வேலையும், உதாரணமாகக் குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கு தயாரிப்பது, உங்கள் செலவு ஆகாது.

வெளிநாட்டுக் குழுமம் என்றால் அடக்கவிலையோடு 5% சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதாரக் கூட்டமைப்பு) வழிகாட்டுதலில் அந்தச் சலுகை சம்பளப் பட்டியல், கணக்கு எழுதுதல் போன்ற சாதாரணச் சேவைகளுக்குத்தான். மேல்மட்ட நிர்வாகம் அதில் வராது. ஆகவே ஒரு நிறுவனத்தையே நடத்திக் கொடுப்பதற்கு அந்த 5% கணக்கு உதவாது, சந்தை விலையை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

மாதாமாதம் பில், யார் எத்தனை மணி நேரம் செலவிட்டார்கள் என்ற பதிவு, எடுத்த முடிவுகளின் மின்னஞ்சல்கள், கூட்டக் குறிப்புகள், இவற்றை அப்போதைக்கப்போது சேர்த்து வையுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு தயாரித்த காகிதத்தை அதிகாரிகள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பணம் வாங்கும் நிறுவனம் பழைய நஷ்டத்தில் இருந்தாலோ குறைந்த வரி கட்டினாலோ கேள்விகள் இன்னும் கூடும்.