காட்டுப் பெர்ரிச் சாறு: சோதனைக் கூடத்திலிருந்து கேள்வி பதில்

கேள்வி: காட்டுப் பெர்ரிச் சாற்றின் மருத்துவக் குணம் பற்றிய ஆய்வை இப்போதுதான் தொடங்குகிறேன். முதலில் என்ன செய்வது?

பதில்: செடி எது என்று உறுதி செய்யுங்கள். பூ, காய், இலையோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகம்) கொடுத்து எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாவிட்டால், எந்தச் செடியைச் சோதித்தீர்கள் என்று பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. பலர் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இதுதான்.

கேள்வி: சாறு எடுக்கத் தண்ணீரா, மெத்தனாலா?

பதில்: இரண்டிலும் தனித்தனியாக எடுங்கள். இறங்கும் பொருள்கள் வேறுபடும். உண்ணும் சோதனைக்குப் போகிறீர்கள் என்றால் மெத்தனால் வேண்டாம், எத்தனால் போதும்.

கேள்வி: ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை அளக்கும் டி.பி.பி.எச். சோதனையில் என் கருநீலப் பழச் சாறு ரொம்பச் சுமாராக வருகிறது. பழத்தில் சத்து இல்லையா?

பதில்: பழத்தைக் குறை சொல்லும் முன் நிறத்தைப் பாருங்கள். டி.பி.பி.எச். என்ற வேதிப்பொருளின் ஊதா நிறம் வெளுத்து மஞ்சளாவதைத்தான் 517 நானோமீட்டரில் அளக்கிறோம். பெர்ரிக்கு நிறம் தரும் ஆந்தோசயனினும் ஏறக்குறைய 520இல்தான் ஒளியை உறிஞ்சும். ஊதா மறைந்த பிறகும் பழத்தின் சிவப்பு நிற்கும், கருவி அதையும் சேர்த்தே எண்ணும். அதனால் ஒவ்வொரு செறிவுக்கும் டி.பி.பி.எச். சேர்க்காத சாற்றை மட்டும் தனியாக அளந்து கழியுங்கள். பக்கத்திலேயே அஸ்கார்பிக் அமிலத்தையும் (வைட்டமின் சி) வைத்து ஓட்டுங்கள். அப்போதுதான் உங்கள் எண்ணை எதோடாவது ஒப்பிட முடியும்.

கேள்வி: பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் சாறு வைத்த காகித வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளரவில்லை. கிருமிக்கொல்லி என்று எழுதலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பெர்ரி புளிப்பானது, அமிலமே வளர்ச்சியைத் தடுத்திருக்கலாம். அதே பி.எச். அளவுள்ள சிட்ரிக் அமிலத்தை ஒரு வட்டிலும், வெறும் கரைப்பானை இன்னொன்றிலும் வையுங்கள். அங்கே தெளிவான வளையம் வராமல் சாற்றுக்கு மட்டும் வந்தால் நம்பிக்கையோடு அடுத்த படிக்குப் போகலாம். வளையத்தின் அகலத்தை வைத்து வீரியத்தையும் முடிவு செய்யாதீர்கள். பெரிய மூலக்கூறுகள் அகாரில் மெதுவாகவே பரவும். திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடைச் செறிவை, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடியுங்கள்.

கேள்வி: சோதனையில் நல்ல எண் வந்தால், அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் நோய் தீரும்தானே?

பதில்: அப்படிச் சொல்லவே கூடாது. ஆந்தோசயனினில் மிகச் சிறு பங்குதான் மாறாமல் ரத்தத்துக்குப் போகிறது. மீதியைக் குடல் பாக்டீரியா வேறு பொருள்களாக மாற்றிவிடும். உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பட்டியலிட்ட ஓராக் அட்டவணையை அமெரிக்க வேளாண் துறை 2012இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்கள் உடல்நலப் பலனைக் காட்டவில்லை, விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்பட்டன என்பதே காரணம். அப்புறம், காட்டில் ஒரே மாதிரித் தெரியும் பழங்களில் நச்சுள்ளவையும் உண்டு. ஆய்வுக்கு எடுத்ததை வாயில் வைத்துப் பார்க்காதீர்கள்.