‘ஸ்கிரீன் ரீடரில் ஓடும்’ என்கிறார்கள், நம்பி வாங்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ‘ஸ்கிரீன் ரீடர்’ மென்பொருளான என்விடிஏ வைத்துக் கம்ப்யூட்டரை இயக்குவார். ஒரு வருடச் சந்தா கட்டிக் கணக்கு மென்பொருள் ஒன்று வாங்கப் போகிறோம். ‘ஸ்கிரீன் ரீடரில் நன்றாக ஓடும்’ என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: சோதிக்காமல் பணம் கட்டாதீர்கள். விற்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. ஸ்கிரீன் ரீடரைப் போட்டதும் ஏதோ பேசியிருக்கும், அதையே ‘ஓடும்’ என்று நினைத்திருப்பார்.

இலவசச் சோதனைக் காலம் கேளுங்கள். மானிட்டரை அணைத்து, மவுஸைக் கழற்றிவிட்டு அண்ணனை உட்கார வையுங்கள். “மேலே வலது பக்கம் இருக்கு பார்” என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கவே கூடாது. ஒரு பில் போடட்டும், தப்பைத் திருத்தட்டும், பிரிண்ட் எடுக்கட்டும்.

டேப் விசையை அழுத்த அழுத்த “பட்டன்... பட்டன்... பட்டன்” என்று மட்டும் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் திரையில் தெரியும் படத்தைப் படிப்பதில்லை. மென்பொருளை எழுதியவர் பின்னால் கொடுத்திருக்கும் பெயரைத்தான் படிக்கிறது. குப்பைத்தொட்டிப் படம் போட்டுப் பெயர் கொடுக்காமல் விட்டால், அது சேமிக்கிற பட்டனா அழிக்கிற பட்டனா என்று அண்ணனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து பாருங்கள். தொகையை நிரப்பாமல் சேமிக்கச் சொல்லுங்கள். சில மென்பொருளில் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும், குரலில் ஒரு சத்தமும் வராது. பில் சேர்ந்துவிட்டது என்று நினைத்து அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கணக்கு வேலையில் என்னைப் பயமுறுத்துவது இதுதான். பட்டியலையும் விடாதீர்கள்: 4500 என்று மட்டும் படித்தால் போதாது, அது வரவா செலவா என்று நெடுவரிசையின் தலைப்பையும் சொல்ல வேண்டும்.

விற்பவரிடம் இரண்டு கேள்வி. எந்த ஸ்கிரீன் ரீடரில், எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள்? ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரில் சரியாக வருவது என்விடிஏவில் வராமல் போவதுண்டு. மாற்றுத்திறனாளிகள் மென்பொருளை எந்த அளவுக்குப் பயன்படுத்த முடியும் என்று சொல்லும் அணுகல்தன்மை அறிக்கை, அதாவது விபிஏடி, இருக்கிறதா? அதைப் பெரும்பாலும் நிறுவனமே எழுதிக்கொள்ளும். ஆகவே ‘பகுதியளவு ஆதரவு’ என்று போட்ட வரிகளையும் தேதியையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சோதனையில் தேறினாலும் முதலில் மாதச் சந்தா போதும். நேற்றுவரை பேசிய பட்டன் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஊமையாகிவிடலாம். அப்படியானால் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்காக ஜாஸ் வாங்க அவசரப்பட வேண்டாம், என்விடிஏ இலவசம். தேவைதானா என்று பார்க்க, உரிமம் இல்லாமலே ஜாஸை ஒரு தடவைக்கு 40 நிமிடம் ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டுமானால் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கும் மென்பொருள் வாங்கலாமா?

பதில்: விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்துங்கள், உருப்பெருக்கி வந்துவிடும், கன்ட்ரோல், ஆல்ட், ஐ சேர்த்து அழுத்தினால் நிறங்கள் தலைகீழாகும். ஒரு வாரம் அதில் பழகிய பிறகு யோசிக்கலாம். ஆனால் 4 மடங்கு பெரிதாக்கினால் திரையின் 16இல் ஒரு பங்குதான் கண்ணில் படும். மூலையில் எட்டிப் பார்த்து மறையும் அறிவிப்பு அம்மாவுக்குத் தெரியாது. காசு கொடுத்து வாங்கும் உருப்பெருக்கியாக இருந்தால், அது அறிவிப்பு வந்த இடத்துக்குத் தானே நகருகிறதா என்று பாருங்கள்.